ஆகாயக் காப்பு: மந்திரம் சொல்லப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"பஞ்சபூதத்தில் ஆகாயத்துக்கென்று ஒரு காப்பு மந்திரம் இருக்கிறதா? அதை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் கைபேசியில் தேடிப் பார்த்தவர்கள் குழம்பிப்போய் வருகிறார்கள். ஒரு காணொளி ஹம் என்கிறது, இன்னொன்று கம் என்கிறது. ஒன்றில் 108 தரம், மற்றதில் 1008 தரம். நடுவில் நிறுத்தினால் கேடு வரும் என்ற பயமுறுத்தலும் கூடவே வருகிறது. அந்தப் பயமுறுத்தலை முதலில் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். காப்புக்காகச் சொல்கிற மந்திரத்தைப் பயந்து பயந்து சொல்வதில் என்ன பலன்?

தீட்சை பெறாதவர், சமஸ்கிருதம் படிக்காதவர், தேவாரம் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இன்று பின்னேரமே தொடங்கக்கூடிய முறையில் இதை எழுதுகிறேன். வெளியே தேடிப் போகத் தேவையில்லை. வேண்டியதெல்லாம் நம் சைவ மரபுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் விளங்க வேண்டியது

சைவ சித்தாந்தம் பூதங்களின் குணங்களை எண்ணும் விதம் அழகானது. மண்ணுக்கு ஓசை, ஊறு (தொடுவுணர்வு), ஒளி, சுவை, நாற்றம் (மணம்) என்று ஐந்தும் உண்டு. நீருக்கு நாற்றம் கழிந்து நான்கு. தீக்குச் சுவையும் கழிந்து மூன்று. காற்றுக்கு ஓசையும் ஊறும் மட்டும். ஆகாயத்துக்கு மிஞ்சுவது ஓசை ஒன்றுதான். மந்திரமும் ஓசைதான். நீருக்கு நீராடி வணங்கலாம், தீக்கு விளக்கேற்றி வணங்கலாம். ஆகாயத்துக்கு ஒலியைவிட நெருங்கிய வழிபாடு இல்லை.

உடம்பில் ஆகாயத்துக்கு உரிய பொறி செவி. அதற்குரிய தொழிற்கருவி வாக்கு. எல்லாவற்றுக்கும் இடங்கொடுத்து நிறைந்து நிற்பதே அதன் தொழில். தவிலுக்குள் வெளி இருப்பதால்தான் தோலில் அடித்தது வீதி முழுக்க முழங்குகிறது. நெஞ்சுக்குள்ளும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஆகாயக் காப்பு எதற்கு என்பது இங்கேதான் தெளிவாகும். காதுவழி நுழைகிற அச்சத்திலிருந்தும், வாய்வழி போய்விடுகிற கடுஞ்சொல்லிலிருந்தும், மனசுக்குள் மூச்சுவிட இடமில்லாத நெருக்கத்திலிருந்தும் காக்கும்படி கேட்கிறோம். எதிரியை வீழ்த்தவும் லொத்தர் விழவும் இதைச் சொல்லாதீர்கள்.

எந்த மந்திரம்?

புதியவருக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு தமிழ் வரி. திருவாசகத்தில் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் ஐந்து பூதங்களையும் வரிசையாகப் போற்றுகிற இடம் இருக்கிறது. "பாரிடை ஐந்தாய்ப் பரந்தாய் போற்றி" என்று தொடங்கி, நீரிடை நான்கு, தீயிடை மூன்று, வளியிடை இரண்டு என்று இறங்கி, "வெளியிடை ஒன்றாய் விளைந்தாய் போற்றி" என்று ஆகாயத்தில் வந்து நிற்கிறது. மேலே சொன்ன குணக் கணக்கு முழுவதும் இந்த ஐந்து வரிக்குள் இருக்கிறது. திருமுறை என்பதால் தீட்சை இல்லாதவரும் சொல்லலாம், பிள்ளைகளும் சொல்லலாம். எழுத்துப் பிழை இல்லாமல் பார்க்க விரும்பினால் நாவற்குழியில் 2018 இல் திறக்கப்பட்ட சிவபூமி திருவாசக அரண்மனைக்குப் போய் வாருங்கள். திருவாசகம் முழுவதையும் அங்கே கருங்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இந்த வரியைக் கல்லில் விரலால் தடவிப் படித்துவிட்டு வந்தால் அப்புறம் மறக்காது.

இரண்டாவது, பூ சாத்தும்போது சொல்வது. மனசாலேயே செய்கிற மானச பூசையில் ஐந்து பூதங்களுக்கும் ஐந்து உபசாரம் உண்டு: மண்ணுக்குச் சந்தனம், ஆகாயத்துக்குப் பூ, காற்றுக்குத் தூபம், தீக்குத் தீபம், நீருக்கு நைவேத்தியம். ஆகாயத்துக்கானது "ஹம் ஆகாசாத்மனே புஷ்பம் சமர்ப்பயாமி". ஆகாய வடிவாய் இருப்பவனுக்குப் பூவைச் சமர்ப்பிக்கிறேன் என்பது பொருள். இதில் வரும் ஹம் என்பதுதான் எல்லோரும் தேடுகிற ஆகாய பீஜம், அதாவது ஆகாயத்துக்குரிய வித்து மந்திரம். அதைத் தனியாகப் பிரித்து ஆயிரக்கணக்கில் உருப்போடாமல், பூவோடு சேர்த்து ஒரு தரம் சொல்வதே தொடக்கத்துக்கு நல்லது.

மூன்றாவது திருவைந்தெழுத்து. நமசிவாய என்பதில் ந மண், ம நீர், சி தீ, வ காற்று, ய ஆகாயம். நம் ஊர் வழக்கில் பஞ்சாட்சரத்தைச் செபமாக எண்ணிச் செய்வது சிவதீட்சை பெற்றவருக்கு உரியது. ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் இதைக் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறார். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

நான்காவது ஈசான மந்திரம். சதாசிவ மூர்த்தியின் ஐந்து முகங்களில் மேல்நோக்கிய ஈசானத்துக்கு உரிய பூதம் ஆகாயம். "ஈசான: சர்வ வித்யானாம்" என்று தொடங்குவது, எல்லாக் கல்விக்கும் எல்லா உயிருக்கும் தலைவனானவன் எனக்கு நன்மையாக இருக்கட்டும் என்று வேண்டுவது. காப்பு மந்திரம் என்றால் இதைவிட நேரானது கிடையாது. ஆனால் வேத மந்திரம் என்பதால் ஏற்ற இறக்க சுரம் உண்டு, புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. கோயிலில் அபிஷேகத்தின்போது ஐயர்மார் சொல்லக் கேளுங்கள். ஆகாயத்தின் பொறி செவி என்றோமே, கேட்பதும் வழிபாடுதான்.

இடமும் நேரமும்

யாழ்ப்பாணத்துக்கு மலை இல்லை. வயல்வெளியில் நின்றால் பனைகளுக்கு மேலே வானம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தெரியும். ஆகாய வழிபாட்டுக்கு இப்படி ஒரு நிலம் வாய்த்திருக்கும்போது கதவைப் பூட்டிக்கொண்டு சொல்ல வேண்டாம். முற்றம், விறாந்தை, மொட்டைமாடி, கிணற்றடிக்குப் பக்கத்தில் துப்புரவான இடம், எதுவும் சரி. வானத்தில் ஒரு துண்டாவது தெரிய வேண்டும். தொடர்மாடியில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருங்கள்.

நேரம் விடியற்காலை அல்லது அந்தி. எனக்கு அந்திதான் பிடிக்கும். கோயில் மணி கேட்கும், வீட்டில் விளக்கேற்றும் நேரம், நாள் முழுக்கக் காதில் விழுந்ததையெல்லாம் இறக்கி வைக்கிற நேரம். பின்னேரம் வேலை முடிந்து வர இருட்டிவிடும் என்பவர்கள் காலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். கிழக்கு அல்லது வடக்கு நோக்கி இருப்பது வழக்கம். வடகிழக்கு ஈசான மூலை என்பதால் அந்தப் பக்கம் பார்த்து இருப்பதும் பொருத்தம்.

செய்கிற முறை

குளித்துவிட்டு, அல்லது கை கால் முகம் கழுவிவிட்டு, தோய்த்து உலர்ந்த உடுப்பு உடுத்துங்கள். பாயோ பலகையோ போட்டு இருங்கள், வெறுந்தரையில் வேண்டாம். முழங்கால் நோவுக்காரர் கதிரையில் இருக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் போதாது, அது முனகினாலே காது அங்கே போய்விடும்.

திருநீறு பூசுங்கள். நிமிர்ந்து, கிழக்கு அல்லது வடக்குப் பார்த்து, மூன்று விரலால், நிலத்தில் சிந்தாமல். உச்சியில் கொஞ்சம் தொட்டு வையுங்கள். ஐந்து முகங்களை உடம்பில் வைத்துப் பார்க்கும்போது ஈசானம் தலைக்கு உரியது. பிள்ளையாரை நினைத்து ஒரு கும்பிடு.

அப்புறம் உடனே மந்திரத்துக்குப் போகாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்து கேளுங்கள். காகம், பக்கத்து வளவில் வாளி விழுகிற சத்தம், தூரத்தில் போகும் பஸ், அதற்கும் அப்பால் ஏதோ ஒரு இரைச்சல். ஒன்றையும் விரட்ட வேண்டாம், எல்லாம் ஆகாயத்துக்குள்ளேதான் நடக்கிறது. இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ முழு முறையிலும் முக்கியமானது இதுதான். கேட்கத் தெரியாதவர் சொல்லும் மந்திரம் வாயோடு நின்றுவிடும்.

இனி அந்த ஐந்து வரி. முதல் நான்கையும் ஒவ்வொரு தரம் நிதானமாகச் சொல்லி, ஐந்தாவதான "வெளியிடை ஒன்றாய் விளைந்தாய் போற்றி" என்பதை மூன்று தரம் சொல்லுங்கள். முதல் தரம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி வாய்விட்டு. இரண்டாம் தரம் உதடு அசைய, உங்கள் காதுக்கு மட்டும். மூன்றாம் தரம் மனசுக்குள். செபத்தில் வாசிகம், உபாஞ்சு, மானசம் என்று சொல்கிற மூன்று படிகளும் இவைதான். ஒவ்வொரு "போற்றி"க்குப் பின்னும் ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பெரியம்மா சாயங்காலப் பூசை முடிந்ததும் தூணோரம் இருந்து திருவாசகம் படிப்பார். மணி அடித்து நின்ற பிறகும் வெண்கலத்தில் ரீங்காரம் கொஞ்ச நேரம் இருக்கும் அல்லவா, அது முழுவதும் அடங்கும் வரை வாய் திறக்க மாட்டார். அடங்கினதும் முதல் சொல் வரும். அந்த இடைவெளியில்தான் ஆகாயம் இருக்கிறது. ஓடுகிற ஓட்டத்தில் 108 முடிப்பதைவிட இப்படி மூன்று சொன்னால் போதும்.

பிறகு பூ. வளவில் எது பூக்கிறதோ அது: நந்தியாவட்டை, செவ்வரத்தை, தும்பை, கொன்றை. சிவனுக்கு உகக்காது என்று விலக்கிய தாழம்பூ மட்டும் வேண்டாம். ஒரே ஒரு நந்தியாவட்டை போதும். காம்பைக் கீழே வைத்து, இதழ் மேலே பார்க்க, வலது கையில் எடுங்கள். நெஞ்சுக்கு நேரே பிடித்து "ஹம் ஆகாசாத்மனே புஷ்பம் சமர்ப்பயாமி" என்று சொல்லி சுவாமி படத்தடியிலோ முற்றத்து மாடத்திலோ வையுங்கள். பூ கிடைக்காத நாளில் கையைக் குவித்து மனசால் வைத்தாலும் அது பூசைதான். மானச பூசை என்பதே அதுதானே.

முடிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த சொற்களில் காப்பைக் கேளுங்கள். "என்ரை காதையும் வாயையும் காத்தருள வேணும், அப்பனே" என்று கேட்டாலே நிறைவு. வீட்டில் யாராவது வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தால், விமானத்தில் போய்க்கொண்டிருந்தால், அவர்கள் பேரையும் சொல்லுங்கள். இந்த ஊரில் எந்த வீட்டில்தான் அப்படி ஒரு பேர் இல்லை? எல்லாமாகக் கால் மணித்தியாலம் பிடிக்கும்.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது

ஹம் என்பதைக் கம் என்று சொல்லாதீர்கள். தமிழில் கம் என்று எழுதப்படுவது பிள்ளையாருக்கு உரிய பீஜம். அவரை அழைப்பதில் தவறில்லை, ஆனால் நீங்கள் நினைத்து வந்தது வேறு. ஹும் என்பதும் வேறு, அது மந்திரத்தை உடம்பில் வைக்கிற கவச நியாசத்தில் வருவது. யம் காற்றுக்கு, வம் நீருக்கு. ஹம் சொல்லும்போது ஹ தொண்டையிலிருந்து மூச்சோடு வரும், உடனே உதடு மூடி ம் என்று மூக்கில் ஒலித்து மெல்லக் கரையும். அந்தக் கரைதலை வெட்டாமல் விடுங்கள். உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூலில் ஆகாயத்துக்கு எழுத்து அகரம் என்றும், வடிவம் வட்டம் என்றும், நிறம் புகை என்றும் படித்தவர்கள் "அப்போது ஹம் பிழையா?" என்று கேட்பார்கள். பிழை இல்லை. சித்தாந்த நூல் அந்தக் கணக்கில் சொல்கிறது, பூசை முறை இந்தக் கணக்கில் சொல்கிறது. பழகுகிறவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். வட்டத்தையும் புகை நிறத்தையும் தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கண்ணை மூடி, விளிம்பு தெரியாத சாம்பல் நிற வட்டம் ஒன்றை உச்சிக்கு மேலே நினைத்தால் மனசு சீக்கிரம் நிற்கும்.

தீட்சை எடுக்க விரும்பினால்

சில மாதம் விடாமல் செய்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் சிவதீட்சையின் முதற்படியான சமய தீட்சை பெற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் திருவைந்தெழுத்தை முறையாக எண்ணிச் செபிப்பதும், கவசம், அத்திரம், திக்குபந்தனம் என்ற காப்பு முறைகளும் திறக்கும். திக்குபந்தனம் என்பது எல்லாத் திசைகளையும் மந்திரத்தால் கட்டி நடுவில் பாதுகாப்பாக இருந்து செபிப்பது. கையைச் சொடுக்குகிற அந்த முறையைக் காணொளி பார்த்துச் செய்யாதீர்கள், குருவிடம் பழகுங்கள்.

ஊர்க் கோயில் ஐயரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். "ஐயா, எனக்குச் சமய தீட்சை எடுக்க விருப்பம். ஆரிட்டைப் போய்க் கேக்கலாம்?" என்றால், "நல்லது பிள்ளை. மச்சம் சாப்பிடுறதை விட்டிட்டியளோ? அதை முதல்ல விடுங்கோ, மிச்சத்தை நான் சொல்லுறன்" என்று வரும் பதில். தீட்சை கொடுக்கும் சிவாசாரியாரையும் நல்ல நாளையும் அவரே சொல்லுவார். மச்சம் மாமிசத்தை விடுவதும், தினமும் அனுட்டானம் என்ற நித்திய வழிபாட்டைச் செய்வதும் கட்டாயம். அதற்கு இப்போது முடியாது என்றால் தமிழ் வரியோடு இருங்கள். அதைக் குறைவானதாக நினைக்கவே வேண்டாம். மாணிக்கவாசகர் வாக்கு அது.

துடக்கு வந்தால் வீட்டு வழக்கம் எதுவோ அதைப் பாருங்கள். பூவும் பூசையும் நிற்கலாம். மனசுக்குள் நினைப்பதை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை.

இடி மின்னல் நேரத்தில்

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி பலமாக இருக்கும். இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லும் பழக்கம் தமிழரிடம் பழையது. பயந்த பிள்ளைக்கு வாயில் ஒரு பேர் இருப்பது பெரிய தைரியம். பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக் கொடுங்கள், கூடவே "வெளியிடை ஒன்றாய்" வரியையும். ஆனால் மின்னும்போது முற்றத்திலும் மொட்டைமாடியிலும் வயலிலும் பனையடியிலும் நிற்காதீர்கள். உள்ளே வந்துவிடுங்கள், வயர் போட்ட போனைத் தொடாதீர்கள். காப்பு மந்திரம் சொல்கிறேன் என்று வெட்டவெளியில் நிற்பது பக்தி ஆகாது.

வானத்தைப் பார்த்தே பயந்த காலம் இந்த மண்ணுக்கு உண்டு. பொம்மர் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்கிப் பிள்ளைகளை அணைத்தபடி தேவாரமும் கந்த சஷ்டி கவசமும் சொன்னவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஹெலிகொப்டர் சத்தத்துக்கு இன்றைக்கும் அவர்களில் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். அவர்களை வெளியில் இருந்து சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். சுவாமியறையில் விளக்கடியில் இருந்து, அவர்களுக்குப் பழகின கவசத்தையே சொல்லட்டும்; நீங்களும் பக்கத்தில் இருந்து சேர்ந்து சொல்லுங்கள். நித்திரை கொள்ள முடியாமல் அவதிப்படுகிறவரை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். மந்திரமும் மருந்தும் ஒன்றையொன்று தடுக்காது.

கோயிலுக்குப் போவதென்றால்

ஆகாயத் தலம் சிதம்பரம். அங்கே திரையை விலக்கினால் தெரிவது வெளியும் அதில் தொங்கும் பொன் வில்வ மாலையும்தான். யாழ்ப்பாணத்தவருக்குச் சிதம்பரம் எப்போதும் அடுத்த வீடு மாதிரி. நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர், 1864 இல் சிதம்பரத்திலும் ஒன்று தொடங்கினார். அங்கே போக வாய்ப்பு வரும்வரை நமக்குக் காரைநகர் இருக்கிறது. காரைநகர்ச் சிவன் கோயிலை ஈழத்துச் சிதம்பரம் என்றே சொல்வோம். பொன்னாலைப் பாலத்தில் ஏறினதும் இரு பக்கமும் கடலும் மேலே வானமுமாக இருக்கும். அங்கே இருந்தே வாய்க்குள் வரியைத் தொடங்கிவிடலாம்.

நடராசருக்கு வருடத்தில் ஆறு அபிஷேகம்: மார்கழித் திருவாதிரை, ஆனி உத்தரம், சித்திரைத் திருவோணம், மாசி, ஆவணி, புரட்டாதி மாதச் சதுர்த்தசிகள். ஈசான மந்திரத்தைக் கேட்க விரும்புபவர்கள் இந்த நாட்களில் ஒன்றைக் குறித்து வையுங்கள். மார்கழியில் திருவெம்பாவைக் காலம் பத்து நாளும் விடியற்காலையில் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடிக்கொண்டு ஊர் சுற்றி வருவார்கள். உங்கள் ஒழுங்கையால் அந்தச் சத்தம் போனால் எழும்பிச் சேர்ந்துகொள்ளுங்கள். பத்தாம் நாள் திருவாதிரைக்குக் காரைநகரில் சனம் நிறைந்துவிடும். அபிஷேகம் விடிய முன்னமே தொடங்கும் என்பதால், அங்கே சொந்தக்காரர் இருந்தால் முதல் நாள் பின்னேரமே போய்த் தங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முச்சக்கர வண்டியை முதல் நாளே பேசி வையுங்கள். பூ வாங்கினால் கூடையைக் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் கையில் வைத்திருங்கள், தீபாராதனை முடிந்ததும் உங்கள் ஹம் சொல்லிப் படியடியில் வைக்கலாம்.